பால்செடியும் ஓட்டை போட்ட டப்பாவும்

ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். மாப்பிள்ளையின் அம்மா எழுதுகிறேன். கல்யாணமாகி இந்த மூன்று வருஷத்தில் நீங்களும் நானும் பேசியதை எல்லாம் கூட்டினாலும் "சாப்பிட்டீங்களா", "பஸ் கிடைச்சுதா" இரண்டுக்கு மேல் தேறாது. போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் போனில் பேசினால் பக்கத்துக் காட்டில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும் என்று என் பையன் சொல்லியிருக்கிறான். இது உங்கள் மகள் காதில் விழ வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் உங்கள் வீட்டிலிருந்து தனியாக வந்து இறங்கினான். மருமகள் எங்கே என்றால், "கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்மா" என்கிறான். அவள் அவன் போனையும் எடுப்பதில்லை, என் போனையும் எடுப்பதில்லை. நான் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை.

அதை விடுங்கள். நான் எழுதுவது வேறு விஷயம். அவன் கையில் மருமகளின் சாப்பாட்டு டப்பா இருந்தது. கழுவி வைக்கலாம் என்று திறந்தேன். உள்ளே இலைக் குப்பையும் அதன் மேல் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழுக்களும். நல்லவேளை, குழாயைத் திறப்பதற்குள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறான். நல்ல டப்பா, பாழாய்ப்போனது.

"அம்மா, இதுங்களுக்கு இலை வேணும்" என்றான். இரண்டு நாளில் அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான். முட்டைக்கோஸ் வைத்துப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டன. உங்கள் வேலிக்கு அந்தப்பக்கம், காட்டோரம் வளர்கிற பால்செடியைத்தான் தின்னுமாம், வேறு எதையும் தொடாதாம். நீல பஸ் ஓட்டுகிற மீசைக்காரர் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரில்தான் டீ குடிக்கிறார். அவரிடம் ஒரு கட்டு இலை கொடுத்துவிடுங்கள்.

என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 11

சம்பந்தியம்மாவுக்கு,

இலை இத்துடன் வருகிறது.

என்ன சண்டை என்று நீங்கள் கேட்காததால் சொல்கிறேன். உங்கள் பையன் புல்வெட்டி மெஷினை எடுத்து, என் வேலியிலிருந்து காட்டு விளிம்பு வரைக்கும் அந்தப் பால்செடி முழுவதையும் அடியோடு வெட்டிச் சாய்த்துவிட்டார். நான் தேன் விற்கச் சந்தைக்குப் போயிருந்தேன். மகள் காட்டின் மறுகோடியில் செடி பார்க்கப் போயிருந்தாள். இரண்டு வருஷமாக வாராவாரம் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்து அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அந்தச் செடியின் ஒவ்வொரு பூங்கொத்துக்கும் கலர் நூல் கட்டி, எது காயாகிறது, எது உதிர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் ஆராய்ச்சி. திரும்பி வந்தபோது நூலோடு சேர்த்து எல்லாம் தரையில் கிடந்தது. நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் எழுந்து வந்து உங்கள் பையனிடம், "நீங்க கிளம்புங்க" என்றாள். அவர் பேர் இந்த வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது என்று எனக்கும் சொல்லிவிட்டாள். டப்பா, புழு சமாச்சாரமெல்லாம் உங்கள் கடிதம் பார்த்துத்தான் எனக்கே தெரியும். வெட்டுவதற்கு முன்னால் பொறுக்கி எடுத்திருப்பார் போலிருக்கிறது. வெட்டத் தெரிந்தவருக்கு அதை மட்டும் எப்படி மனசு வந்தது? கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற மனுஷர் ஏன் இந்தக் காரியம் செய்தார் என்று எனக்குப் புரியவே இல்லை.

எனக்கு அந்தச் செடி மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. எருக்கு வகைதான் அது, ஒடித்தால் பால் வரும். பூ அழகு, வாசனை ஊரைத் தூக்கும். ஆனால் பூவுக்குள் ஒரு இடுக்கு இருக்கிறது. தேன் குடிக்க உட்காருகிற தேனீயின் கால் அதில் மாட்டிக்கொள்ளும். வலு உள்ளது இழுத்துக்கொண்டு பறந்துவிடும். இல்லாதது அங்கேயே தொங்கிச் சாகும். பத்துப் பெட்டி வைத்துப் பிழைக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

மெஷின் போகாத இடத்தில், மரத்தடியில் கொஞ்சம் செடி மிச்சம் இருக்கிறது. அதில் பறித்தேன். மகளுக்குத் தெரியாது.

சம்பந்தி


ஜூன் 13

சம்பந்தி அவர்களுக்கு,

இலை வந்தது. ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. அடுத்த தரம் ஈரத்துணியில் சுற்றி அனுப்புங்கள். தேன் விற்கிறவருக்குப் பார்சல் கட்டத் தெரியாதா?

கடையில் லென்ஸ் தேய்த்தபின் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து புழு தின்பதைப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் தின்பதில்லை. முதலில் இலையின் நரம்பைக் கடித்து அறுக்கிறது. பால் வடிந்து நிற்கிறவரைக்கும் ஒதுங்கி இருக்கிறது. அப்புறம் வந்து அந்தப் பக்கத்தை நிதானமாகத் தின்கிறது. இவ்வளவு பொறுமை நம் வீட்டில் யாருக்கும் கிடையாது.

உங்கள் கடிதத்தில் தேனீ பற்றி எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தேன். ராத்திரி சாப்பாட்டில் பையனிடம் கேட்டேன்: "மாமா அந்தச் செடியைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா" என்றான். இவன் பொய் சொன்னால் காது சிவக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

விடாமல் கேட்டதில் சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் செத்த தேனீ ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதை வெட்டிப்போட இந்த வீட்டுல ஒரு ஆம்பளை இல்லையே" என்று சொன்னீர்களாம். பக்கத்தில் இருந்தது இவன் ஒருத்தன்தான். சம்பந்தி, என் பையன் மூன்று வருஷமாக உங்கள் வீட்டுக்கு வருகிறான். நீங்கள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை, தேன்பெட்டியைப் பார்த்துத்தான் பேசுவீர்கள். மாமாவுக்கு நம்மால் ஒரு உபகாரம் ஆகட்டும் என்று காலையில் மெஷினைத் தூக்கியிருக்கிறான், அசடு. புழுவை வெட்ட மனசு வரவில்லை, டப்பாவில் பொறுக்கிக்கொண்டான்.

"இதை அவகிட்ட சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"மாமாவை மாட்டிவிட முடியாதும்மா. அவ இருக்கறது அவர் வீட்டுல. அவர்கிட்டயும் கோவிச்சுக்கிட்டா எங்க போவா?"

அவன் செய்தது தப்புத்தான். அந்த நூல் யார் கட்டியது என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்க வேண்டும். அதில் நான் அவன் பக்கம் பேசமாட்டேன். ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும் என்று எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 16

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று முன்தினம் இலை மட்டும் அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சொன்னேன். அப்படியேதான் சொன்னேன். நான் தனியாக இருந்து பழகினவன். வாயில் வந்ததைத் தேனீயிடமும் பேசுவேன், சுவரிடமும் பேசுவேன். யாரும் அதைக் காதில் வாங்கிக் காரியம் செய்ததில்லை. அவர் பக்கத்தில் நின்றார் என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை. அதுதான் இப்போது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மகளிடம் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இல்லை. இன்று அவளுக்குத் தலைவலி. வெட்டின இடத்தின் பக்கமே அவள் போவதில்லை, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போகிறாள். அடிக்கட்டையிலிருந்து புதுத் துளிர் வந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பையனிடம் சொல்லுங்கள். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

சம்பந்தி


ஜூன் 18

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்றும் தலைவலியா? இன்றைக்கு என்ன, பல்வலியா? சாக்குச் சொல்வதில் நீங்கள் என் பையனுக்குச் சளைத்தவர் இல்லை. நீங்கள் சொல்லாதவரைக்கும் அவள் இங்கே வரமாட்டாள், இவன் அங்கே வரமாட்டான், நானும் நீங்களும் புழுவுக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டே கிழடாகிவிடுவோம்.

ஒரு புழு செத்துப்போயிற்று. காலையில் கறுத்துத் தொங்கியது. பையன் வேலைக்கு லேட்டாகப் போனான். "பிழைச்சா அவகிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன், இப்ப இதையும் சேர்த்துச் சொல்லணும்" என்கிறான். அவன் டப்பா விஷயத்தை அவளிடம் ஏன் மறைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் செத்துப்போனால் அவளுக்கு இன்னொரு துக்கம் கொடுத்ததாகிவிடும் என்று பயம்.

மற்றதெல்லாம் நன்றாகத் தின்று என் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டன. டப்பா போதவில்லை. கடையில் பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்று, பிரேம் அடுக்கி வைப்பது, சும்மா கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். என்னத்துக்கு என்று கேட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றேன்.

முக்கியமான ஒன்று. இலை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தில் வைக்காதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் உலகமே புகையாகத் தெரியும். தோட்டக்காரர் ஒருத்தர் அப்படித்தான் எங்கள் கடைக்கு வந்து, பவர் ஏறிவிட்டது, கண்ணாடி மாற்று என்று நின்றார். டாக்டரிடம் துரத்திவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 20

சம்பந்தியம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். ஒரு கண்ணால் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் நான் வேர்வையைத் துடைத்துவிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் எரிச்சல் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஜன்னல் இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம், அவ்வளவுதான். மகள் வந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளிடம் தேனீ கொட்டிவிட்டது என்றேன்.

"தேனீ கொட்டினா இப்படி ஆகாதுப்பா. பால்செடியைத் தொட்டீங்களா?"

"இல்லையே."

"உங்க விரலைப் பாருங்க."

விரலெல்லாம் பால் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. அது லேசில் போகாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மருந்து விட்டார், நான்கைந்து நாளில் சரியாகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். டப்பா, புழு, பஸ், உங்கள் கடிதங்கள், எல்லாம். கடைசியாக, செத்த தேனீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசின பேச்சு. ஒரு கண் மூடியிருந்தது, இன்னொரு கண்ணால் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூலையில் நான் ஒளித்து வைத்திருந்த இலைக்கட்டு இருந்தது. போய் எடுத்தாள். வெளியே வீசி எறிந்தாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

வாசலில் நின்றுகொண்டு சொல்கிறாள்: "எல்லாம் முத்தின இலை. இதையா இத்தனை நாளா அனுப்பினீங்க? பாவம் அதுங்க."

கத்தியை எடுத்துக்கொண்டு நேராக அந்த வெட்டின இடத்துக்குப் போனாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் போகிறாள். துளிர் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கிறது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இளசாகப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி அவளே கட்டினாள். இந்தப் பார்சல் அவள் கட்டினதுதான்.

இப்போது என்னோடும் பேசுவதில்லை. முன்னே ஒருத்தர் பேர் வாயில் வரக்கூடாது, இப்போது இரண்டு பேர். ஆனால் வேளாவேளைக்குக் கண்ணில் மருந்து மட்டும் விட்டுவிடுகிறாள்.

சம்பந்தி


ஜூன் 23

சம்பந்தி அவர்களுக்கு,

கண் எப்படி இருக்கிறது? வெயிலில் போகாதீர்கள். தேய்க்காதீர்கள். மருந்து தீருகிறவரைக்கும் விடுங்கள், எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவது ஆண்களின் பழக்கம். கறுப்புக் கண்ணாடி ஒன்று மீசைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். என் கையால் தேய்த்த லென்ஸ். பிரேம் கொஞ்சம் சினிமாக்காரர் மாதிரி இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

பார்சலை என் பையன்தான் பிரித்தான். வழக்கமாக நீங்கள் சணலால் தாறுமாறாகக் கட்டியிருப்பீர்கள். இந்தத் தரம் சிவப்பு நூல். பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவள் பூவுக்குக் கட்டுகிற நூலாம். முடிச்சை அறுக்காமல் நகத்தால் மெதுவாக அவிழ்த்தான். நூலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பால் எதுவும் படாமலேயே.

"அவ கோவம் தீரலம்மா. புழு மேல கோவம் இல்ல, அவ்வளவுதான்" என்றான். இருக்கலாம். அங்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று துடிக்கிறான். போனால் வாசலிலேயே நிற்கவைத்துவிடுவாளோ என்றும் பயப்படுகிறான். ஏன் வெட்டினாய் என்று விளக்கம் சொல்லப் போகாதே, தப்பு என்று மட்டும் சொல், மாமா பேரை இழுக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்றிலிருந்து புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டன. டப்பா மூடியிலும் கண்ணாடிப் பெட்டியின் கூரையிலும் ஏறித் தலைகீழாகத் தொங்குகின்றன. இன்று காலை முதல் கூடு. இளம்பச்சை, அதில் தங்கப் பொட்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன், இப்படி ஒரு மெருகு என் மெஷினில் வந்ததில்லை.

இனி இலை வேண்டாம். அதனால் நீங்கள் எனக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எழுதினால் படிப்பேன்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 27

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதத்தை மட்டும் நீட்டினால் மீசைக்காரர், "என்ன, இன்னைக்கு இலை இல்லையா?" என்கிறார். பஸ்ஸில் எல்லோருக்கும் நம் கதை தெரிந்திருக்கிறது.

கண் தெளிந்துவிட்டது. உங்கள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேன்பெட்டி பக்கம் போனேன். மகள் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம்தான் பேசினாள்.

நான் தேன்பெட்டிகளை வீட்டுக்குப் பின்னால், செடியிலிருந்து தள்ளி வைக்க முடிவு செய்திருக்கிறேன். தேனீ அத்தனை தூரமும் பறக்கும்தான், ஆனால் அந்தப்பக்கம் வேறு பூ நிறைய இருக்கிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். சோம்பேறித்தனம். பெட்டியைத் தூக்க ஒரு ஆள் போதாது. இருட்டும் நேரத்தில் மகள் வந்து மறுபக்கம் பிடித்தாள்.

"வேற ஒருத்தர்கிட்ட உதவின்னு கேட்கத் தெரியாதாப்பா உங்களுக்கு? முணுமுணுக்கத்தான் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கொஞ்ச தூரம் நடந்தோம். "அவருக்கும் கேட்கத் தெரியாது" என்றாள். பெட்டியை இறக்கி வைத்தோம். எத்தனை கூடு தொங்குகிறது என்று கேட்டாள். உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். விளக்கடியில் நின்று படித்தாள். சிவப்பு நூல் வருகிற இடத்தில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

திருப்பிக் கொடுக்கும்போது, "ஊருக்குள்ள பட்டாம்பூச்சியைப் பறக்கவிட்டா அது முட்டை வைக்க எங்க போகும்? செடி இங்கதானே இருக்கு" என்றாள். தேன்பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். பெட்டியைப் பார்த்துப் பேசுவது எங்கள் குடும்ப வழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் அதை அழைப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வாருங்கள். இதை நான் பெட்டியிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

சம்பந்தி


ஜூலை 1

சம்பந்தி அவர்களுக்கு,

சனிக்கிழமை காலை நீல பஸ்ஸில் வருகிறோம். கூடெல்லாம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. உள்ளே இறக்கையின் நிறம் தெரிகிறது. வழியிலேயே வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பையன் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறான். முதலில் ஒரு பக்கத்துக்கு இருந்தது. நான் திட்டித் திட்டி ஒரு வரிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதையாவது தடுமாறாமல் சொல்வானா தெரியவில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கும் முடியவில்லை, சம்பந்தி. சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் என்ன நடந்தது என்று அவள்தான் கேட்பாள். இவன் கேட்கமாட்டான். இதை நான் மருமகளிடம் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 6

சம்பந்தியம்மாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? "பஸ் கிடைச்சுதா" என்று நான் கேட்கவில்லை, நானே ஏற்றிவிட்டேன்.

மீசைக்காரர் நீங்கள் வந்த கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதி வழியில் ஒன்று கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்டதாம். இறக்கை காய்கிறவரைக்கும் காற்று அடிக்கக்கூடாது என்று நீங்கள் எழுந்து நின்று பஸ் முழுக்க ஜன்னலைச் சாத்தச் சொன்னீர்களாம். அந்த வெயிலில் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லையாம். நானாக இருந்தால் முணுமுணுத்திருப்பேன்.

நீங்களும் நானும் காட்டோரத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்ததில் தப்பில்லை, வீடு என்னுடையது. அவர் அந்த ஒரு வரியைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அவள் ரொம்ப நேரம் பேசினாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் இரண்டு பேரும் குனிந்து டப்பாவைத் திறந்தார்கள், முதல் பட்டாம்பூச்சி செடிப் பக்கம் பறந்தது. நீங்கள் என் கையைப் பிடித்தது உங்களுக்கு நினைவிருக்காது. பட்டாம்பூச்சிக்காக என்று நினைத்துக்கொள்கிறேன்.

போகும்போது மாப்பிள்ளை வாசலில் நின்று, "மாமா, வேற ஏதாவது வேலை இருந்தா என்கிட்ட நேரா சொல்லுங்க" என்றார். இந்தத் தரம் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உங்கள் மூக்கு அவருக்கு. அடுத்த வாரம் தேன்பெட்டிக்குப் புதுக் கால் போட வேண்டும், வர முடியுமா என்று கேட்டேன். கேட்கத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

மகள் நேற்று முழுக்கத் துளிர்களில் நூல் கட்டினாள். இந்தப் பருவத்துக்குள் மறுபடி பூத்தாலும் பூக்குமாம், பூக்காவிட்டால் அடுத்த வருஷம் என்கிறாள். இந்த வருஷக் கணக்கு போனது போனதுதான் என்றும் சொன்னாள். அந்த வருத்தம் அவளுக்கு இருக்கும்.

நீங்கள் எழுதின கடைசிக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். சொன்னாலும் பரவாயில்லை என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுத் திருப்பித் தரவில்லை.

கண்ணாடிப் பெட்டியை மீசைக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், முதலாளியிடம் சேர்த்துவிடுங்கள். சாப்பாட்டு டப்பாவை அனுப்பவில்லை. மகள் அதைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். புது மூடி வாங்கலாமா என்று கேட்டேன், இதே இருக்கட்டும் என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் அவளே அதைக் கொண்டுவருகிறாள். மாப்பிள்ளையை பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லுங்கள். பை கனமாக இருக்கும்.

சம்பந்தி